வெங்காயம் போட்டு வைத்த ஹெல்மெற்

நேற்று வேலையால் வருகிற வழியில், மார்க்கம் நகரத்தில் ஒரு தமிழ்க் கடைக்குள் ஓடிப்போய்க் கத்தரிக்காயும் ஒரு பை சின்ன வெங்காயமும் வாங்கிக்கொண்டு காருக்குத் திரும்பினால் போனைக் காணவில்லை. சட்டைப் பையில் இல்லை, இருக்கைக்குக் கீழே இல்லை. திரும்பக் கடைக்குள் ஓடி, காசாளர்ப் பிள்ளையிடம் கேட்டு, அவள் 'இல்லை அண்ணா' என்று உதட்டைப் பிதுக்கி, நான் வியர்த்து விறுவிறுத்து மறுபடியும் காருக்கு வந்தால், வெங்காயப் பைக்குள்ளிருந்து உர்ர்ர் என்று ஒரு சத்தம். அவசரத்தில் நானே அதை அதற்குள் போட்டிருக்கிறேன். எடுத்து முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்தபோது, போன் கண்ணாடி முழுக்க அந்த மணம்.

சின்ன வெங்காயத்தை மணந்தால் உங்களுக்குக் குழம்பு ஞாபகம் வரும், சம்பல் ஞாபகம் வரும். எனக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டப்போட்டி ஞாபகம் வரும். சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

போனில் வந்திருந்ததும் அந்தப் போட்டியைப் பற்றிய செய்திதான். அது என்ன என்பதை இப்போதே சொல்லப் போவதில்லை. சொன்னால் நான் முன்பு குடியிருந்த வதனி அக்கா வீட்டு வழக்கத்துக்கு விரோதமாகிவிடும். உங்களுக்காக ஒரே ஒரு சொல் மட்டும் சொல்லி வைக்கிறேன்: பாக்கலாம்.

ரெக்ஸ்டேலில் ஒரு வீட்டின் பேஸ்மென்றில் நான் குடியிருந்தேன். படிக்கிற காலம். வார நாட்களில் விடியற்காலையில் களஞ்சியமொன்றில் பெட்டி கட்டுகிற வேலை, பிறகு கல்லூரி, பிறகு வந்து விழுந்து படுக்கை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான்தான். அந்தப் பெருமை ஒரு பாரமாகவும் இருந்தது. எதையும் சும்மா பார்க்கத் தெரியாது, பார்த்தால் அதைப் படித்தே ஆகவேண்டும். மேல் வீட்டில் யோகன் அண்ணையும் அவர் மனைவி வதனி அக்காவும். விமான நிலையம் கிட்ட என்பதால் கூரைக்கு மேலே விமானங்கள் இறங்கிக்கொண்டே இருக்கும். பேசிக்கொண்டிருக்கும்போது ஒன்று வந்தால் அப்படியே வாயைத் திறந்தபடி நிறுத்தி, அது போன பிறகு அதே சொல்லிலிருந்து தொடர்வோம். அந்தத் தெருவில் எல்லோருக்கும் அந்தப் பழக்கம் இருந்தது. சண்டையைக்கூட அப்படித்தான் பிடிப்பார்கள்.

யோகன் அண்ணைக்குச் சரக்குக் கொட்டகையில் சாமான் தூக்குகிற போர்க்லிப்ற் வண்டி ஓட்டுகிற வேலை. "நாள் முழுக்க ஆமை மாதிரி ஊருறன் தம்பி. ஒரு நாளைக்காவது காத்து முகத்திலை அடிக்கவேணும்" என்பார். அவருடைய ஆசை ஒரு மோட்டார் சைக்கிள். கராஜில் அதற்கென்று இடம்கூட விட்டு வைத்திருந்தார். ஒரு பக்கம் பனி அள்ளுகிற சவள், மறுபக்கம் அரிசி மூட்டைகள், நடுவில் நீள்சதுரமாக ஒரு வெறுமை. அதற்குமேல் எதையும் வைக்க விடமாட்டார். மோட்டார் சைக்கிள் இல்லை, ஆனால் ஹெல்மெற் இருந்தது. நல்ல கிளிப்பச்சை. ஏதோ மலிவு விற்பனையில் வாங்கிக்கொண்டு வந்து அடுப்படி மேசையில் வைத்தாராம். அடுத்த நாள் காலையில் பார்த்தால் அது தலைகீழாக இருந்ததாம், அதற்குள் சின்ன வெங்காயம்.

"பாத்தியோடா, உவளுக்கு வாயாலை சண்டை பிடிக்கத் தெரியாது. மரக்கறியாலைதான்" என்று யோகன் அண்ணை என்னிடம் முறையிட்டார்.

"காத்தோட்டமான சாமான் அப்பா. வெங்காயம் அழுகாது" என்றார் அக்கா, திரும்பிப் பார்க்காமல்.

போட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐரோப்பாவில், கடல் நடுவே ஒரு சின்னத் தீவு. வருடத்துக்கு ஒருமுறை, வசந்தம் முடிகிற நேரம், அங்கே சில நாட்களுக்கு ஊர்த் தெருக்களை மூடிவிட்டு மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறார்கள். இதற்கென்று கட்டிய மைதானம் அல்ல. காலையில் பால் வண்டி போன தெரு, பள்ளிக்கூடப் பேருந்து போன தெரு. இரண்டு பக்கமும் வீடுகள், கல் மதில், தபால் பெட்டி, தேவாலயம். ஆட்கள் தங்கள் வீட்டுத் தோட்டத்தில் கதிரை போட்டுத் தேநீர் குடித்துக்கொண்டிருப்பார்கள். மதிலுக்கு அந்தப் பக்கம், கை நீட்டினால் படுகிற தூரத்தில், ஓடுபாதையில் எழும்புகிற விமானத்தின் வேகத்தில் ஒருவன் போவான். ஊர்களையெல்லாம் கடந்து, ஒரு மலைவெளி ஏறி இறங்கி, தொடங்கிய இடத்துக்கே வரவேண்டும். எல்லோரும் ஒன்றாகப் புறப்படுவதில்லை. ஒருவர் பின் ஒருவராக, இடைவெளி விட்டு அனுப்புவார்கள். அதனால் யார் முன்னால் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. வழியில் அங்கங்கே ஆள் இருந்து, 'இன்னார் இந்த இடம் தாண்டிவிட்டார்' என்று வானொலியில் சொல்லுவார்கள். மற்றவர்கள் அடுத்த இடத்தில் காத்திருப்பார்கள். சில வருடங்களில் சிலர் அடுத்த இடத்துக்கு வருவதில்லை.

என் அப்பா ஊரில், பரந்தனில், வயல் வேலை செய்கிறவர். ஒருமுறை போனில் அவருக்கு இதை விளக்கப் போனேன். கேட்டுவிட்டு, "ஏன், அவங்களுக்கு வேறை றோட்டு இல்லையாமோ?" என்றார். நான் வரலாறு, மரபு என்று ஏதோ சொன்னேன். "அது சரி. அண்டைக்கு ஆக்கள் என்னெண்டு கடைக்குப் போறது?" என்றார்.

எனக்கு இந்தப் பைத்தியத்தைப் பிடிக்க வைத்தவர் யோகன் அண்ணை. அவருடைய ஆள், பச்சை ஹெல்மெற் போட்ட ஓர் ஒல்லி மனிதன். பெயர் அவருக்கு வாயில் நுழையாது. எங்களுக்கு அவன் 'பச்சை'. ஒருமுறையும் முதலாவதாக வந்ததில்லை. அதனாலேயே எங்களுக்குப் பிடித்துப்போயிற்று என்று நினைக்கிறேன். ஒவ்வொரு வசந்தத்திலும் பனி கரைந்து, தெருவோரப் புல்லில் மஞ்சள் பூக்கள் வரத் தொடங்கினால் யோகன் அண்ணைக்கு இருப்புக்கொள்ளாது. முழங்கால் ஆடும். கராஜைத் திறப்பார், அந்த வெறுமையைப் பார்ப்பார், மூடுவார். பிறகு அடுப்படிக்குப் போய், "இஞ்சரும், இந்த முறையாவது…" என்று தொடங்குவார்.

"போட்டி முடியட்டும். பாப்பம்" என்பார் அக்கா. போட்டி முடியும். பார்க்கமாட்டார்.

காரணம் வதனி அக்காவின் தமையன். ஆள் இறந்து கிறந்து போகவில்லை, பாரிஸில் தொந்தி வைத்துச் சௌக்கியமாக இருக்கிறார். அந்தக் கதையை அக்கா சொன்னது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மீன் வெட்டிக்கொண்டு.

அவருக்கு யாழ்ப்பாணப் பட்டணத்தில் கடை வேலை, வீடு நெல்லியடியில். தினமும் மோட்டார் சைக்கிளில் போய் வருவார். கோப்பாய், நீர்வேலி, புத்தூர், அச்சுவேலி, பிறகு அந்தக் காற்று அள்ளுகிற வல்லைவெளி, அதைத் தாண்டினால் நெல்லியடி. யுத்த காலம். ஒரு நாள் பின்னேரம் வல்லைப் பக்கமாக ஷெல் சத்தம் கேட்டது. வழக்கமான நேரத்துக்கு ஆள் இல்லை. அக்கா, அப்போது சின்னப் பெட்டை, வீட்டு வாசல் படலையடிக்கு வந்து நின்றாள்.

"றோட்டாலை வாற ஆக்களையெல்லாம் மறிச்சுக் கேட்டனான் தம்பி. ஒருத்தர் சொன்னார், கோப்பாயிலை கண்டனான் எண்டு. பிறகு வந்தவர் அச்சுவேலியிலை கண்டவராம். பாண்காரன் வந்து, வல்லைவெளிக்குள்ளை இறங்கினதைக் கண்டனான் எண்டான். அதுக்குப் பிறகு வந்த ஒருத்தரும் காணேல்லை."

"பிறகு?"

"பிறகென்ன, பொழுதுபட வந்தார். செயின் அறுந்து போச்சாம். தள்ளிக்கொண்டு ஒரு சிநேகிதன் வீட்டை போனவராம். அங்கை புட்டும் மீன்குழம்புமாம். இருந்து சாப்பிட்டிட்டு, ஏவறை விட்டுக்கொண்டு வாறார். எனக்கு வந்ததே ஒரு ஆத்திரம், உலக்கையைத் தூக்கி அடிக்கவேணும் போல."

யோகன் அண்ணை என் பக்கம் திரும்பி, "மச்சான் அண்டைக்குச் சாப்பிட்ட புட்டுக்குத்தான் நான் இண்டைக்கு மோட்டச்சைக்கிள் இல்லாமல் இருக்கிறன்" என்றார்.

அக்கா சிரித்தார். பிறகு மீன் செதிலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "வந்தது வந்தவர்தான். ஆனா நான் இன்னும் அந்தப் படலையடியிலைதான் நிக்கிறன் எண்டு சில நேரம் நினைக்கிறனான். இனி ஒரு மோட்டச்சைக்கிளுக்கும் நான் பாத்துக்கொண்டு நிக்கமாட்டன்."

அதனால் அந்த வீட்டில் ஓர் உடன்படிக்கை. போட்டியைப் பார்க்கலாம், ஆனால் நேரலையாகப் பார்க்கக் கூடாது. அங்கே போட்டி நடக்கிறபோது இங்கே விடியற்காலை. அது முடிந்து, எல்லோரும் திரும்பி வந்துவிட்டார்களா என்று அக்கா முதலில் தெரிந்துகொள்வார். அதுவரை எங்கள் இருவருடைய போன்களும் பச்சை ஹெல்மெற்றுக்குள், வெங்காயத்துக்கு மேல். தொலைக்காட்சிக்கு முன்னால் ஒரு சீலைத்துண்டு தொங்கும். தொலைக்காட்சியோடு இணைத்த என் மடிக்கணினியில் போட்டியின் பதிவை அக்காவே தேடி எடுத்து, முடிவு கண்ணில் படாமல் தொடக்கத்துக்குக் கொண்டுவந்து வைப்பார். பிறகு அடுப்படி வாசலில் நின்று தீர்ப்பு. எல்லோரும் நலம் என்றால், "பாக்கலாம்." அந்தச் சொல் வந்ததும் யோகன் அண்ணை சீலையை உருவுகிற உருவில் பூச்சாடி ஆடும்.

சில நாட்களில் வேறு தீர்ப்பு வரும். "இண்டைக்கு வேண்டாம்." ஏன் என்று கேட்கக் கூடாது. நாங்கள் கேட்டதுமில்லை. யோகன் அண்ணை எழுந்து போய்ப் புல் வெட்டுவார். வெட்டின புல்லையே திரும்ப வெட்டுவார். பச்சையின் பெயர்தானோ என்ற பயத்தில் எனக்குப் பாடம் ஓடாது. மாலையில் அக்கா தேநீரோடு வந்து, "உங்கடை ஆள் சுகம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவார். மூச்சு வரும். உடனேயே, வேறு யாரோ ஒரு வீட்டில் மூச்சு நின்றுபோயிருக்கிறதே என்ற வெட்கமும் வரும்.

என் கல்லூரித் தோழர்கள் என் போனை வாங்கினால் முகத்தைச் சுளிப்பார்கள். "Bro, why does your phone smell like curry?" என்று ஒருவன் கேட்டான்.

இவ்வளவுக்கும் அக்காவுக்குப் போட்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது என்றுதான் நான் நம்பிக்கொண்டிருந்தேன். முடிவைப் பார்க்கிறார், பெயர்களை எண்ணுகிறார், அவ்வளவுதான் என்று. படித்தவன் அல்லவா, ஒருநாள் அவருக்கு வட்டம் கீறி, அம்புக்குறி போட்டு, நேரத்தை எப்படிக் கணிக்கிறார்கள் என்று அரை மணித்தியாலம் விளக்கினேன். அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டு, "ஓம்… ஓமோ… அப்பிடியோ" என்று கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், "வடிவாச் சொல்லித் தாறீர் தம்பி, வாத்தியாராப் போம்" என்றார். நான் பூரித்துப்போய்க் கீழே இறங்கினேன்.

பிறகு அந்தச் சனிக்கிழமை வந்தது.

யோகன் அண்ணை எழும்பி, நானும் கீழிருந்து மேலே வந்தபோது வழக்கப்படி எல்லாம் முடிந்திருக்க வேண்டும். போன்களை ஹெல்மெற்றுக்குள் வைத்தோம், கதிரையில் இருந்தோம். அடுப்பில் புட்டு அவிந்துகொண்டிருந்தது. தீர்ப்பு வரவில்லை. யோகன் அண்ணை இருமினார். அக்கா திரும்பவில்லை. அவர் எழுந்து போய்ப் பூக்கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டுவிட்டு வந்தார். நான் செய்தித்தாளை மடித்தேன், விரித்தேன். ஒரு விமானம் இறங்கிப் போனது, இன்னொன்று போனது.

"என்னப்பா, ஓமோ இல்லையோ? ஒண்டைச் சொல்லுமன்."

"பொறுங்கோ."

"முடிஞ்சிருக்குமே இவ்வளவுக்கு."

"மலையிலை பனிப்புகார். பிந்தித்தான் துவங்கினவங்கள். பொறுங்கோ எண்டு சொல்லுறன்."

யோகன் அண்ணை என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். பிந்தித்தான் தொடங்கினார்கள் என்று இவருக்கு எப்படித் தெரியும்? அப்போதுதான் கவனித்தேன்: அக்காவின் தலைமயிருக்குள்ளிருந்து ஒரு வெள்ளை வயர் இறங்கி, வீட்டுச் சட்டைப் பைக்குள் போயிருந்தது.

அக்கா கரண்டியை வைத்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். முகம் சாம்பலாக இருந்தது.

"பச்சை அச்சுவேலி தாண்டினவர். வல்லைவெளிக்குள்ளை போனவர். நெல்லியடிக்கு வரேல்லை."

ஒரு கணம் இரண்டு பேருக்கும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. அந்தத் தீவின் இடப்பெயர்கள் அக்காவின் நாக்குக்கு வரவில்லை. அவற்றுக்குத் தமையன் வருகிற தெருவின் பெயர்களை வைத்துவிட்டார். மலைவெளி வல்லைவெளி. மலை இறங்குகிற இடம் நெல்லியடி. இத்தனை வருடமும், நாங்கள் குறட்டை விட்டுக்கொண்டிருந்த ஒவ்வொரு விடியலிலும், இந்த மனுஷி அடுப்படியில் நின்று காதில் வானொலியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொருவரையும் ஒவ்வொரு சந்தியாகக் கடத்தி வீட்டுக்குக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் 'பாக்கலாம்' என்று சொல்லியிருக்கிறார்.

"நீர் முடிவைத்தானே பாக்கிறனீர் எண்டு நான்…" யோகன் அண்ணையின் குரல் கீழே இறங்கிவிட்டது.

"முடிவு போட நேரம் போகுமப்பா. அதுக்கிடையிலை நீங்கள் எழும்பிப் போனை நோண்டினால்? ஆராவது ஒராள் முதல் பாத்துக்கொண்டு நிண்டால்தானே மற்றாக்களுக்குச் சொல்லலாம்." பிறகு வயரைப் பிடுங்கி, போனை மேசையில் என் முன்னால் வைத்தார். "உமக்கு இங்கிலீஷ் வடிவா விளங்கும்தானே. என்ன சொல்லுறாங்கள் எண்டு கேளும்."

கேட்டேன். வாழ்க்கையில் எந்தப் பரீட்சைக்கும் நான் அப்படிக் காது கொடுத்ததில்லை.

"என்னவாம்?"

"மழை வருமோ எண்டு கதைக்கிறாங்கள் அக்கா."

"மழையோ? இப்ப?"

"இப்ப… ஆரோ ஒருத்தற்றை நாய் வேலிக்குள்ளாலை வந்திட்டுதாம்."

"நாயோ! பச்சையைப் பற்றி?"

"ஒண்டும் சொல்லுறாங்கள் இல்லை."

வானொலிக்காரர்களின் முறை அது. நிச்சயமாகத் தெரியாத எதையும் சொல்லமாட்டார்கள். ஓடுகிறவரின் வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டிருப்பார்களே. அதனால் வானத்தைப் பற்றிப் பேசுவார்கள், நாயைப் பற்றிப் பேசுவார்கள். யோகன் அண்ணை வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தார். "செய்தி கிடைக்காமல் இருக்கும்" என்றார். "செயினாயிருக்கும்" என்றார். நான் அவ்வளவு படித்தும் மொழிபெயர்ப்பதற்கு ஒரு நாய் மட்டும்தான் கிடைத்தது. அக்கா மட்டும் அசையவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதைப் பார்த்த பிறகு எனக்கு அந்தப் படலை எப்படியிருந்திருக்கும் என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

புட்டுப் பானையில் தண்ணீர் வற்றிப் பிடிக்கிற மணம் வந்தது. ஒருவரும் போகவில்லை.

அப்போது வானொலிக்காரரின் குரல் மாறியது. நான் கையை உயர்த்தினேன்.

"அக்கா, ஆள் இருக்கிறார். ஒண்டுமில்லை. செயின் அறுந்து போச்சாம். மோட்டச்சைக்கிளை ஒரு மதிலோடை சாத்திப்போட்டு…"

"சாத்திப்போட்டு?"

"பாக்க வந்த சனத்தோடை இருந்து… சான்ட்விச் சாப்பிடுறாராம்."

"என்ன செய்யிறாராம்?"

"சாப்பிடுறாராம் அக்கா. தேத்தண்ணியும் குடுத்தவையாம்."

அக்கா என்னையே பார்த்தார். பிறகு நிலையோடு சாய்ந்து, அப்படியே தரையில் இருந்துவிட்டார். "அறுவான்! இருந்து தின்னுறானாம்! இஞ்சை மனிசர் பாத்துக்கொண்டு நிக்க, அங்கை இருந்து தின்னுறானாம்!" சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை, இரண்டும் ஒன்றாக வந்தன. யோகன் அண்ணை ஓடிப்போய் அடுப்பை நிற்பாட்டிவிட்டு வந்து பக்கத்தில் குந்தினார். அக்கா அவரை விலக்கிவிட்டு என் முன்னாலிருந்த போனை எட்டி எடுத்து, வானொலியை நிறுத்தி, பாரிஸுக்கு அடித்தார். ஒலிபெருக்கியில் தமையனின் குரல், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிந்திய சோம்பலோடு வந்தது.

"என்ன பிள்ளை?"

"உனக்கு மனச்சாட்சி எண்டு ஒண்டு இருக்கோ?"

"நான் என்னடி செய்தனான்?"

"புட்டுத் திண்டனியெல்லோ அண்டைக்கு! ஒரு சொல்லுச் சொல்லி விட்டியோ? ஒரு பெடியனைச் சைக்கிளிலை அனுப்பினியோ?"

"எந்தப் புட்டு?" என்றார் பாவம் அந்த மனிதர். யோகன் அண்ணை வாயைப் பொத்திக்கொண்டு கராஜுக்குள் ஓடிவிட்டார்.

நானும் பின்னால் போனேன். சிரிக்கத்தான் ஓடுகிறார் என்று நினைத்தேன். அவர் அந்த நீள்சதுர வெறுமையின் விளிம்பில் நின்றுகொண்டிருந்தார். சிரிக்கவில்லை. சுவரோரம் அடுக்கியிருந்த பனிக்கால டயர்களை ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து அதன் நடுவில் வைத்தார். வைத்துவிட்டுக் கையைத் தட்டினார்.

"நல்ல இடம் சும்மா கிடக்குது" என்றார்.

அதன் பிறகு எந்த வசந்தத்திலும் "இந்த முறையாவது" என்று அவர் தொடங்கியதை நான் கேட்கவில்லை. அக்காவும் அதன் பிறகு எங்களுக்காக முதலில் நிற்கவில்லை. யோகன் அண்ணை விடவில்லை. விடியற்காலையிலேயே மூன்று பேரும் எழும்பி, ஒரே சோபாவில், ஒரே போர்வைக்குள் காலை விட்டுக்கொண்டு நேரலையாகப் பார்த்தோம். "புத்தூர் தாண்டிட்டார்" என்று ஒருவர் சொல்லுவார். "வல்லைவெளி" என்று மற்றவர் சொல்லுவார். வல்லைவெளி என்றதும் பேச்சு நின்றுவிடும். உண்மையைச் சொன்னால், பார்ப்பதற்கு முந்தின அளவுக்குச் சுகமாக இருக்கவில்லை. ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை என்ற உறுதியோடு பார்த்த அந்தப் பழைய ஓட்டங்களில்தான் எவ்வளவு துணிச்சலாகக் கத்தியிருக்கிறோம்! அந்தத் துணிச்சல் யாருடைய கணக்கில் நடந்தது என்று தெரிந்த பிறகு எங்கே கத்துவது.

படிப்பு முடிந்தது. எனக்கு மார்க்கத்தில் வேலை கிடைத்தது; கண்ணாடிக் கட்டடம், கழுத்தில் அட்டை. அவர்கள் ஸ்ரௌவ்வில் என்கிற ஊர்ப் பக்கம் புதுக் குடியிருப்பில் வீடு வாங்கிப் போனார்கள். இரண்டு கார் விடுகிற கராஜ், வெறுமை கிடையாது. வீடு மாறுகிற அன்று நான் உதவப் போனேன். ஹெல்மெற்றை யோகன் அண்ணை நன்கொடைப் பெட்டிக்குள் போடக் கொண்டுபோனார். தலையை விட்டு மணந்து பார்த்துவிட்டு, "இதை ஆர் தலையிலை போடப் போறான், பாவம்" என்றார். போட்டுவிட்டுத்தான் வந்தார். ரெக்ஸ்டேல் வீட்டில் இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள். ஒருமுறை அந்தப் பக்கம் போனபோது காரை நிறுத்திப் பார்த்தேன். விமானம் ஒன்று இறங்கியது. என்னையறியாமல் வாயைத் திறந்தபடி காத்திருந்தேன், பேச்சை விட்ட இடத்திலிருந்து தொடர. காரில் நான் மட்டும்தான் இருந்தேன்.

இப்போது யாரும் எதையும் ஒளித்து வைக்க முடியாது. போட்டி தொடங்கினதுமே போன் துடிக்கிறது, யார் முந்துகிறார், யார் நின்றுவிட்டார், யார் வரவில்லை. கூட்டத்தில் இருக்கும்போது துடிக்கிறது, சிவப்பு விளக்கில் நிற்கும்போது துடிக்கிறது. சீலைத்துண்டு போட்டு மூட முடியாது. நேற்று வெங்காயத்துக்குள் கிடந்து துடித்ததும் அப்படி ஒன்றுதான். இப்போது சொல்லலாம்: பச்சை ஓட்டத்தை விட்டுவிட்டார். தாடி நரைத்த ஒரு மனிதர் கையில் தேநீர்க் கோப்பையோடு ஒரு கல் மதிலில் சாய்ந்து நிற்கிற படம். இனி வரமாட்டாராம்.

கடை வாசலில் காருக்குள் இருந்தபடியே ஸ்ரௌவ்விலுக்குப் போன் எடுத்தேன். அக்காதான் எடுத்தார்.

"அக்கா, பச்சை இனி ஓடமாட்டாராம்."

அந்தப் பக்கம் சத்தமில்லை. ஸ்ரௌவ்விலில் விமானங்கள் இல்லை. மௌனம் மௌனமாகவே கேட்கும்.

"காயமோ?"

"இல்லையக்கா. வயது போயிட்டுதாம். ஓடினது காணுமாம்."

"வீட்டையோ நிக்கிறார்?"

"ஓம். வீட்டை."

"அப்ப வந்து சேந்திட்டார்" என்றார் அக்கா. நீளமாக ஒரு மூச்சு விட்டார். பின்னால் யோகன் அண்ணையின் குரல், "ஆரப்பா? என்னவாம்?" அக்கா போனைக் கையால் பொத்தினார், சத்தம் மங்கியது. பிறகு எனக்கு மட்டும் கேட்கிற குரலில், "அவருக்கு நீர் சொல்லாதையும். சாப்பிடட்டும். நான் பிறகு சொல்லுறன்" என்றார்.

வீட்டுக்கு வந்து வெங்காயத்தைக் கொட்ட ஏனம் தேடினேன். கிடைத்தது ஒரு பிளாஸ்ரிக் கிண்ணம். கொட்டிவிட்டு, எதற்கென்று தெரியாமல் போனையும் அதற்கு மேலே வைத்தேன். கொஞ்ச நேரத்தில் அது திரும்பவும் துடித்தது. வெங்காயம் சலசலத்தது. கையைக் கட்டிக்கொண்டு நின்றேன், அடுப்படிப் பக்கம் பார்த்தேன். அடுப்பு அணைந்திருந்தது. பாக்கலாம் என்றோ, இண்டைக்கு வேண்டாம் என்றோ சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. எடுத்துப் பார்த்தேன்.